கைக்கருவிகளும் ஆயுட்கால உத்தரவாதமும்

(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேடர் எழுதியது)

உழவு யந்திரங்களும் அறுவடை யந்திரங்களும் நாளுக்கு நாள் பெருகிவரும் இக்காலத்திலும், வரப்புக் கட்டவும், வாய்க்கால் திருத்தவும், களையெடுக்கவும், தென்னைக்குப் பாத்தி வெட்டவும் மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொட்டு, அரிவாள் ஆகிய கைக்கருவிகளே நமக்குத் துணையாக இருந்து வருகின்றன. இவற்றின் விலை சொற்பமாகையால், வாங்குவதில் நாம் எடுத்துக்கொள்ளும் சிரத்தையும் சொற்பமாகவே இருக்கிறது. ஒரு ஜோடி மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டும் பார்க்கிறோம். மண்வெட்டி வாங்கும்போதோ, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

சமீப காலமாக இக்கருவிகள் சிலவற்றுடன் "ஆயுட்கால உத்தரவாதம்" என்று அச்சிட்ட சீட்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கருவி எப்பொழுது உடைந்தாலும் புதிதாக மாற்றித் தரப்படும் என்பது அதன் கருத்து. இவ்வாக்குறுதிக்கு உண்மையில் என்ன மதிப்பு உண்டு, அம்மதிப்பு எதைப் பொறுத்தது, அதை நம்புவதற்கு முன் நாம் செய்யவேண்டிய பரீக்ஷைகள் யாவை என்பவற்றை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நேர்ந்த ஒரு நஷ்டம்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளில் குடியிருந்துகொண்டு, செங்கற்பட்டு, காஞ்சீபுரம் பக்கங்களில் சாகுபடி நடத்திவரும் நிலச்சுவான்தார்கள் பலர் உண்டு. தங்கள் பண்ணைக்கு வேண்டிய சாமான்களைப் பட்டணத்திலேயே வாங்கி அனுப்புவது இவர்களுடைய வழக்கம். சில வருஷங்களுக்கு முன் இவர்களில் ஒருவர் ஆடி மாதத்தில் பன்னிரண்டு மண்வெட்டிகள் வாங்க வேண்டி, என்னை யோசனை கேட்டார். தியாகராயநகரில் நெடுங்காலமாக நடந்துவந்த ஒரு கடையை நான் குறிப்பிட்டேன். அங்கே ஆயுட்கால உத்தரவாதச் சீட்டுக் கொடுக்கிறார்கள் என்பதே நான் சொன்ன முக்கியமான காரணம். கடையில் முன்போல் சரக்கு நிறைந்திருக்கவில்லை என்பதையும், அலமாரிகள் பாதி காலியாயிருந்தன என்பதையும், பழைய சிப்பந்திகள் ஒருவரும் தென்படவில்லை என்பதையும் நான் கண்டேன். ஆயினும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. வரப்பைப் பலப்படுத்த ஆட்கள் இறங்கிய அன்று, பன்னிரண்டில் நான்கு மண்வெட்டிகள் பிடி செருகும் துவாரத்தருகே விண்டுபோயின. சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஆள் பட்டணத்துக்கு ஓடினான். கடை பூட்டியிருந்தது, மூடி இரண்டு மாதமாயிற்று என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். கருவியில்லாமல் நான்கு ஆட்கள் கரையில் நின்றார்கள். அன்றிரவு வரப்பு உடைத்துக்கொண்டு, நட்டுப் பத்து நாள்கூட ஆகாத சம்பாப் பயிர் அரை ஏக்கர் மணல் மூடிப் போயிற்று. மண்வெட்டியின் விலையோ சில நூறு ரூபாய். நஷ்டமோ நாற்று, நடவுக்கூலி, உரம் அனைத்தும். நானே சிபாரிசு செய்தேனாகையால் அந்நஷ்டத்தில் எனக்கும் பொறுப்பு உண்டு.

உடைந்த நான்கையும் அவ்வூர்க் கொல்லரிடம் கொண்டு சென்றோம். அவர் விண்ட இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காகிதத்தைப் பார்த்து வாங்கினீர்களே, ஐயா, இரும்பைத் தட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

உத்தரவாதத்தால் வளர்ந்து க்ஷீணித்த ஒரு கடை

கைக்கருவிக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்பது உலகத்தில் மிகப் பிரசித்தி பெற்றது அமெரிக்காவில் ஸியர்ஸ் என்னும் வியாபார ஸ்தாபனத்தின் மூலமாகத்தான். அது குடியானவர்களை நம்பி வளர்ந்த கடையாகையால், அதன் சரித்திரம் நமக்கும் படிப்பினை தரத்தக்கது.

ரயில்வே ஸ்டேஷன் ஏஜண்டாயிருந்த ரிச்சர்டு ஸியர்ஸ் என்பவர் 1886-இல் கடியாரங்கள் விற்கத் தொடங்கினார். பின்னர் ரோபக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, பெரிய விலைப்பட்டியல் புஸ்தகங்களை அச்சிட்டு, நாட்டுப்புறத்து விவசாயிகளுக்குத் தபால் மூலம் அனுப்பிச் சரக்கு விற்றார். பட்டணத்துக்கு வெகு தூரத்தில் வசித்த குடியானவர், தாம் கண்ணால் பாராத சரக்குக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், அனுப்புகிறவரிடம் நம்பிக்கை இருக்க வேண்டும். ஆகையால், திருப்தியில்லாவிட்டால் பணம் வாபஸ் என்பது அவ்வியாபாரத்தின் அஸ்திவாரமாயிற்று.

1927-இல் இக்கடை "கிராஃப்ட்ஸ்மன்" என்னும் பெயரின் உரிமையை 500 டாலர் கொடுத்து வாங்கித் தன் கருவிகளுக்கு இட்டது. திருகுசாவி, சுத்தியல் போன்ற கைக்கருவிகள் எக்காலத்தில் உடைந்தாலும், ரசீதுகூடக் கேளாமல் மாற்றிக் கொடுப்பதென்ற வழக்கம் இப்பெயருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. தகப்பனார் வாங்கிய கருவியை மகன் கொண்டுபோய் மாற்றி வந்தான். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸியர்ஸ் இக்கருவிகளைத் தானே செய்யவில்லை. வெவ்வேறு தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்தின் பேரில் செய்வித்துத் தன் பெயரில் விற்றது. ஆகவே வாக்குறுதி கொடுத்தவர் ஒருவர், இரும்பை அடித்தவர் வேறொருவர்.

1973-இல் சிகாகோ நகரத்தில் 110 மாடிகள் கொண்ட, அக்காலத்தில் உலகத்திலேயே உயரமான கட்டிடத்தை எழுப்புமளவுக்கு இந்த ஸ்தாபனம் ஓங்கியிருந்தது. ஆனால் குறைந்த விலைக்கு விற்கும் புதிய கடைகளின் போட்டியில் அதன் நிலை தளர்ந்தது. 1993-இல் பெரிய விலைப்பட்டியல் நிறுத்தப்பட்டது. 2005-இல் கேமார்ட் என்னும் மற்றொரு தளர்ந்த ஸ்தாபனத்துடன் இணைக்கப்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு, அதுவரை அமெரிக்காவில் செய்யப்பட்டு வந்த கைக்கருவிகளிற் பல சீனா, தைவான் முதலிய தேசங்களில் செய்விக்கப்பட்டன. அத்தேசங்களிலும் உயர்ந்த தரத்தில் செய்ய இயலும். கேட்கிற விலைக்குத் தக்கபடிதான் எங்கும் தரம் அமையும். எனினும் தரம் குறைந்துவிட்டதென்று பழைய வாடிக்கைக்காரர்கள் குறைகூறலானார்கள். 2017-இல் கிராஃப்ட்ஸ்மன் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் என்னும் கம்பெனிக்குச் சுமார் 90 கோடி டாலர் பெறுமானத்துக்கு விற்றார்கள். 500 டாலருக்கு வாங்கிய பெயர் அவ்வளவு பெறுமாறு செய்தது, தொண்ணூறு வருஷ காலம் காப்பாற்றப்பட்ட நாணயமே. 2018 அக்டோபர் 15-ஆம் தேதி ஸியர்ஸ் இன்ஸால்வென்ஸி கோர்ட்டை அடைந்தது. அப்பொழுது அதனிடம் எஞ்சியிருந்தவை ஏறக்குறைய 700 கடைகள்; பிறகு அவற்றிலும் பெரும்பாலானவை மூடப்பட்டன.

பெயரை வாங்கிய கம்பெனி பழைய உத்தரவாதத்தையும் ஏற்றுக்கொண்டதால், அந்நாட்டு வாடிக்கைக்காரர்கள் முற்றும் கைவிடப்படவில்லை. ஆயினும் உடைந்தது எந்தக் கருவியோ அதே கருவி கிடைக்குமென்பதில்லை. இப்பொழுது செய்யப்படும் அதற்குச் சமானமானதே கிடைக்கும். அமெரிக்காவிலேயே மீண்டும் செய்வதென்று 2019-இல் டெக்ஸாஸ் மாகாணத்து ஃபோர்ட் வொர்த் நகரில் ஒரு தொழிற்சாலைக்கு ஏற்பாடு செய்து, 2023-இல் அதை மூடுவதாக அறிவித்தார்கள். வாக்குறுதியைக் காகிதத்தில் காப்பாற்றுவது எளிது. அதற்குத் தக்க கருவியைத் தொடர்ந்து செய்வது அரிது என்பதற்கு இது அத்தாட்சி.

உத்தரவாதச் செலவு யாருடையது?

இலவசமாக மாற்றிக் கொடுப்பதென்றால் அச்செலவு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அது நாம் கொடுக்கும் விலையிலேயே அடங்கியிருக்கிறது. உதாரணமாக, நூறு கருவிகளில் இரண்டு உடையுமானால், அவ்விரண்டின் அடக்க விலையை நூறு பேரும் பங்கிட்டுக் கொடுக்கிறோம். கருவி நன்றாயிருக்கும்வரை இது கடைக்காரருக்கும் லாபம், நமக்கும் லாபம். விற்பனை குறைந்து கடை தளரும்போதோ, மலிந்த சரக்கை வாங்கி விற்க ஆரம்பிக்கிறார். அப்பொழுது நூற்றில் பத்து உடைகிறது. மாற்றிக் கொடுக்கும் செலவு ஏறுகிறது; கொடுக்கக் கையில் பணம் குறைகிறது. ஆகவே, "இது தேய்மானம்", "முறைதவறி உபயோகித்தீர்கள்", "ரசீது எங்கே?" என்ற ஆக்ஷேபங்கள் பிறக்கின்றன. வாடிக்கை மேலும் குறைகிறது. உத்தரவாதம் அதிகமாகத் தேவைப்படும் காலமும், அது நிறைவேறாமற்போகும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. தளர்ந்த கடையின் ஆயுட்கால உத்தரவாதத்தில் "ஆயுள்" என்பது கருவியின் ஆயுளுமன்று, நம் ஆயுளுமன்று. கடையின் ஆயுளே என்று கொள்வது நலம்.

வாங்குமுன் செய்யவேண்டிய பரீக்ஷைகள்

கருவியைப் பரீக்ஷித்தே வாங்க வேண்டுமென்பது நம் இலாகாவுக்குப் புதிய கொள்கையன்று. இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட நீராவிக் கலப்பை முதலிய கருவிகளை நம் மண்ணில் சோதித்துப் பார்க்கும் பொருட்டே, கவர்னர் ஸர் வில்லியம் டெனிஸன் காலத்தில், 1865-ஆம் வருஷத்தில், சென்னைக்கருகே அடையாற்றங்கரைச் சைதாப்பேட்டையில் பரிசோதனைப் பண்ணை ஏற்படுத்தப்பட்டது. அங்கே தோன்றிய விவசாயப் பாடசாலையே பின்னர் 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. சீமைச் சரக்கென்ற பெயர் மட்டும் நம் வயலுக்குப் போதாது என்பது அப்பண்ணையில் கண்ட முதற் பாடம்.

எஃகு என்பது கரிச்சத்துச் சேர்ந்த இரும்பு. கரிச்சத்து நூற்றில் கால் பங்குக்குக் குறைவாயிருந்தால், காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினம் போதிய அளவு ஏறாது. முனை மழுங்கி மடங்கும். நூற்றில் அரைப் பங்கு முதல் முக்கால் பங்குவரை இருந்தால் மண் வெட்டும் கருவிகளுக்கு ஏற்றது. ஆனால் செஞ்சூட்டில் தோய்த்த எஃகு கண்ணாடிபோல் உடையும் தன்மையுள்ளது. அதை மறுபடியும் இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டும். துலக்கிய எஃகு சுமார் 230 டிகிரி உஷ்ணத்தில் வைக்கோல் நிறமும், சுமார் 300 டிகிரியில் நீல நிறமும் கொள்ளும். கத்திக்கு வைக்கோல் நிறமும், கல்லிலும் வேரிலும் அடிபடும் கருவிக்கு நீல நிறமும் ஏற்றவை. இந்த இரண்டாம் சூட்டைச் சரிவரக் காட்டாமல் விட்டதும், ஒட்டுச் சரியாகப் பிடியாததுமே நமது நான்கு மண்வெட்டிகளும் விண்டதற்குக் காரணம் என்று மேற்படி கொல்லர் எடுத்துக் காட்டினார்.

கடையிலேயே செய்யக்கூடிய எளிய பரீக்ஷைகள் வருமாறு:

1. பிடி போடாத கருவியை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு இரும்பால் தட்டுக. மணிபோல் நீண்ட நாதம் எழுந்தால் நலம். பானை விரிந்தாற்போல் மந்தமான ஓசை எழுந்தால் உள்ளே விரிசலோ ஒட்டுக் குறையோ இருக்கலாம்.

2. நல்ல அரம் ஒன்றைக் கையில் கொண்டு போய், வெட்டும் முனையில் ஓரிடத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஈயத்தை அராவுவதுபோல் எளிதில் அராவினால் சாதா இரும்பு. அரம் சிறிதும் பிடியாமல் வழுக்கினால் கடினம் மிஞ்சியது. கல்லில் பட்டால் சில்லு பெயரும். சற்றே தயங்கிப் பிடிப்பதே மண்வெட்டிக்கு ஏற்றது. வயலில் நாமே அராவிக் கூராக்கவும் அதுவே உதவும்.

3. பிடி செருகும் துவாரத்தைச் சுற்றிலும் கண்ணால் நன்றாகப் பார்க்க வேண்டும். வர்ணம் தடிப்பாகப் பூசியிருந்தால் அவ்விடத்தைச் சற்றே சுரண்டிப் பார்ப்பது உசிதம். ஒட்டுக் குறைகளை மறைப்பதற்கு வர்ணம் நல்ல உபாயம்.

4. பிடியின் மரம் நேரான ரேகையுள்ளதாயும் நன்றாய் உலர்ந்ததாயும் இருக்க வேண்டும். வைரம் பாய்ந்த கருவேலம் சிறந்தது. ஈரமரம் பின்னர் சுருங்கிக் கழலும். கழன்ற பிடியைத் தண்ணீரில் ஊற வைப்பது ஒரு நாளைக்கு உதவும். உலர்ந்தபின் முன்னிலும் அதிகமாகக் கழலும். புதிய ஆப்பு அடிப்பதே முறை.

5. செய்தவர் பெயர் இரும்பிலேயே பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்வெட்டிக்கு ஐ.எஸ். 1759, மண்வாரிக்கு ஐ.எஸ். 274 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் உண்டு. அம்முத்திரையுள்ள சரக்குக் கிடைத்தால் அதையே விரும்பி வாங்க வேண்டும்.

பெருந்தொகையாக வாங்குவோர் முதலில் ஒன்றிரண்டை வாங்கி, ஒரு மாதம் தம் நிலத்தில் வேலை செய்வித்துப் பார்த்து, பின்னரே மற்றவற்றை வாங்குவார்களாக. இணைய வியாபாரத்தில் தருவிப்போருக்கு இது முக்கியமாகவும் பொருந்தும்.

கொல்லர் பட்டறையே உண்மையான உத்தரவாதம்

ஆயுட்கால உத்தரவாதம் அமெரிக்காவில்தான் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். நம் கிராமங்களில் கொல்லருக்கும் தச்சருக்கும் களத்துமேட்டில் அறுவடைதோறும் நெல் அளப்பது பழைய வழக்கமாயிருந்தது. அதற்கு ஈடாக வருஷம் முழுவதும் கொழுவைத் தட்டிக் கொடுப்பதும், அரிவாளுக்குக் கருக்கு வெட்டுவதும், மண்வெட்டிக்குத் தேய்ந்த முனையில் எஃகு வைத்து அடிப்பதும் அவர் கடமை. கருவி உடைந்தால் செய்தவர் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. கெட்ட வேலை செய்தால் மறு அறுவடையில் முகத்தில் விழிக்க வேண்டும். அவ்வுத்தரவாதத்துக்குச் சீட்டும் வேண்டியிருக்கவில்லை.

இவ்வழக்கத்தில் குறையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. அளந்த நெல் பல இடங்களில் செய்த வேலைக்குப் போதாது. விளைச்சல் பொய்த்த வருஷங்களில் அதுவும் குறைந்தது. தொழிலாளிக்கு வேறிடம் போகவும் சுதந்திரமில்லை. ஆகையால் அவர்கள் பிள்ளைகள் வேறு உத்தியோகங்களை நாடியதில் வியப்பில்லை. பழைய வழக்கத்தைத் திரும்பக் கொணர வேண்டுமென்பது என் கருத்தன்று. இன்னும் பட்டறை நடக்கும் ஊர்களில், கருவி பழுது பார்ப்பதற்குக் காலாகாலத்தில் ரொக்கமாக நியாயமான கூலி கொடுத்து, அப்பட்டறை அணையாதபடி காப்பது நிலமுடையோருக்கே லாபம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மேற்சொன்ன நான்கு மண்வெட்டிகளில் மூன்றை அக்கொல்லர் சீர்செய்து கொடுத்தார். அவை இன்றும் வேலை செய்கின்றன.

சீட்டு வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியவை

உத்தரவாதத்தை அறவே ஒதுக்கவும் வேண்டியதில்லை. கொடுப்பவர் கடைக்காரரா, செய்த கம்பெனியா என்று கேட்க வேண்டும். கம்பெனியே கொடுத்ததானால், கடை மூடினாலும் வழியுண்டு. எவையெவை விலக்கப்பட்டிருக்கின்றன என்று படித்துப் பார்க்க வேண்டும். ரசீதைச் சீட்டுடன் சேர்த்து வைத்து, கைபேசியில் படமும் எடுத்து வைப்பது நன்று. சில ரசீதுகளில் எழுத்துக்கள் ஓரிரு வருஷத்தில் மங்கி மறைந்துவிடுகின்றன.

வாங்குவோர் இன்ன வேலைக்கு வேண்டுமென்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், சரக்கு அவ்வேலைக்குத் தகுதியாயிருக்க வேண்டுமென்பது 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதி. ஆகையால் "கல்லுத் தரைக்கு வேண்டும்" என்பதை வாய்விட்டுச் சொல்லி, ரசீதிலும் குறிக்கச் செய்வது உசிதம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே நுகர்வோர் ஆணையத்தில் பிராது கொடுக்கலாம். வழக்குக்குக் காரணம் நேர்ந்த இரண்டு வருஷங்களுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்ச ரூபாய் வரையுள்ள கிரயத்துக்குக் கட்டணம் இல்லை. விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று சுப்ரீம் கோர்ட்டு 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் யோசனை கேட்கலாம்.

கருவியைப் பேணுதல்

நல்ல கருவியும் அஜாக்கிரதையால் கெடும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் சிறிது எண்ணெய் தடவி, பிடி மேலாக நிறுத்தி வைக்க வேண்டும். உரம் கலந்த கருவியைக் கழுவாமல் வைத்தால் ஒரே இரவில் துரு ஏறும். அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கங்களில் கடற்காற்றின் உப்பினால், உபயோகியாமல் வீட்டில் வைத்த கருவிகளும் துருப்பிடிக்கின்றன. தோட்டம் வைத்திருப்போர் மாதம் ஒரு முறையேனும் எண்ணெய் தடவி வருவது அவசியம்.

முடிவு

கிராம அதிகாரிகளுக்கும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏரி, வாய்க்கால் வேலைகளுக்காகக் கருவிகளை மொத்தமாக வாங்கும்போது, குறைந்த விலையையும் நீண்ட உத்தரவாதத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மேற்சொன்ன பரீக்ஷைகளை உள்ளூர்க் கொல்லர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்வீர்களாக. மழை உத்தரவாதச் சீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. வரப்பு உடையும் இரவில் நம் கையில் இருக்க வேண்டியது உடையாத மண்வெட்டியே. உடைந்த மண்வெட்டிக்கு ஈடாக என்றோ ஒரு நாள் கிடைக்கக்கூடிய மற்றொன்று அன்று.